தண்ணீர் வண்டியும் மேடைப் பேச்சுப் பயிற்சியும்

எங்கள் குஜிலியம்பாறை மகளிர் குழுவுக்கு மேடையில் பேசுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க இன்று திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் வந்தார்.

"சுருக்கமாப் பேசணும்" என்பதை மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார்.

பக்கத்திலிருந்த முத்தம்மா அக்கா பொறுக்காமல் எழுந்தார். "சார், தண்ணி வண்டி வார நேரம். செத்த சீக்கிரம் முடிங்க."

"பாத்தீங்களா, குரல்ல தன்னம்பிக்கையே இல்ல. மேல வந்து மைக்ல சொல்லுங்கம்மா" என்று இளித்தார் அந்த ஆள்.

அக்கா மேடையேறி மைக்கைப் பிடித்தார். சன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

"அடியே, வண்டி வந்துருச்சுடி!"

அரை நிமிடத்தில் மண்டபமே காலி.

நான் ஆறு குடம் பிடித்து வீட்டுக்கும் வந்துவிட்டேன். அந்த ஆள் இன்னும் பேசிக்கொண்டிருந்தால், யாராவது போய் மைக்கை அணைத்துவிடுங்களேன். கரண்டாவது மிஞ்சும்.