மலைக்குப் போன வகுப்பு

போடிக்கு வெளியே இருக்கும் புதுக்காலனி அரசு உயர்நிலைப்பள்ளியைப் போன ஜூனில் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் போதவில்லை என்பது காரணம். காலனிக்குள் நடந்து பார்த்தால் எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் கூட்டிப்போகும் முனீஸ்வரிக்கு விஷயம் தெரியும். அதிகாரிகள் தலை எண்ண வந்தது அதற்கு முந்தின செப்டம்பரில். காயெடுப்பு மும்முரமான மாதம். ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிக் காய்க்கும். குனிந்து எடுக்கப் பிள்ளைகளின் கை தோதானது. அதனால் பாதி வகுப்பு மலையில் இருந்தது. அவர்களை ஏற்றிவிட்டவள் அவள்தான். பள்ளியைப் பூட்டியது அதிகாரிகளா, தானா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மகள் மகாலட்சுமி எட்டாவது முடித்திருந்தாள். டவுன் பள்ளிக்குப் பஸ் மாறிப் போக வேண்டும். கொஞ்ச நாள் போய்ப் பார்த்துவிட்டு, "நானும் மலைக்கே வாரேம்மா" என்றாள். அந்தச் சொல்தான் முனீஸ்வரியைக் கல்வி அலுவலகத்துக்கு நடக்க வைத்தது. அலையவிட்டு அலையவிட்டுக் கடைசியில், "செப்டம்பர்ல மறுபடி எண்ணுவோம். பிள்ளைங்க நேர்ல நிக்கணும்" என்றார் அதிகாரி. வேறு மாதம் வைக்கச் சொல்லிக் கேட்டாள். முடியாது என்றுவிட்டார்.

எண்ண வரும் நாள் விடியலில், காலனி முக்கில் நின்ற ஜீப்புகளின் முன்னால் போய் நின்றாள்.

"பிள்ளைகள்லாம் எறங்குங்க. பெரியாளுக மட்டும் போங்க."

டிரைவர் ஜஸ்டின் சிரித்தான். "போன வருசம் எடமில்லன்னு பிள்ளைகள என் மடியில ஒக்கார வச்சதே நீங்கதானக்கா. இப்பக் கலெக்டர் ஆயிட்டீகளா?"

"இன்னைக்கு ஒருநா கலெக்டருதான். வண்டிய ஆஃப் பண்ணு."

பின்சீட்டிலிருந்து வேல்பாண்டி எட்டிப் பார்த்தார். "காய் பழுத்துக் கெடக்கு. ஆள் கொறஞ்சா தோட்டத்துக் கணக்குப்பிள்ள ஏசுவாரு. ஒம் மகளுக்காக எங்க பொழப்புல கை வைக்காத ஆத்தா."

"எம் மகளுக்குத்தாண்ணே நிக்கேன். ஒங்க மகனையும் ஏத்திவிட்டவ நானு. நாந்தான் எறக்கணும். கணக்குப்பிள்ள வஞ்சா என்னயக் கைகாட்டுங்க."

வேல்பாண்டி மகனின் முதுகில் தட்டினார். "எறங்குலே. ஒங்கத்தை வழி விடமாட்டா."

அவன் குதித்ததும் மற்ற வண்டிகளிலிருந்தும் பிள்ளைகள் இறங்கினார்கள்.

பூட்டிய கேட்டுக்கு முன்னால் வகுப்பு வகுப்பாக நின்றார்கள். பாதிப்பேர் உடம்பில் மலைக்குப் போடும் ஸ்வெட்டர். அதிகாரி எண்ணினார், நம்பாமல் மறுபடி எண்ணினார்.

"இவ்வளவு பேரும் போன வருசம் எங்க இருந்தீங்க?"

"நீங்க எண்ணும்போது நாங்க காய் எடுத்துக்கிட்டு இருந்தோம் சார்" என்றாள் மகாலட்சுமி.

அதிகாரி முனீஸ்வரியைப் பார்த்தார். "அடுத்த செப்டம்பர்?"

"பெரியாளுக மட்டுந்தான் போவோம்." ஜீப்பை எப்படி நிரப்புவது என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

தீபாவளிக்கு முன்பே கேட்டைத் திறந்துவிட்டார்கள். முனீஸ்வரி ஒன்பதாம் வகுப்பு பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேல்பாண்டியும் ஒரு துணியோடு வந்தார்.

"கணக்குப்பிள்ள ஏசுனாராண்ணே?"

"ஏசாம? ஒம் பேரைச் சொல்லியே ஏசுனாரு."

முன்பெஞ்சில் இருந்த மகாலட்சுமி வாசலைப் பார்த்துவிட்டு அம்மாவின் முந்தானையை இழுத்தாள்.

"வெளிய போம்மா. சார் வாராரு, பாடம் நடத்தணும்."

முனீஸ்வரி ஈரத்துணியைச் சுருட்டிக்கொண்டு, ஓடாத குறையாக வெளியே வந்தாள்.