மத்தியதரைக் கடலோரத்தில் புகைந்த குக்கர்

ஜூலை 12, சனிக்கிழமை. டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டில் என்றாலும், விடுமுறைக்கு வந்த ஸ்பெயின் கடற்கரையில் என்றாலும், எழுந்ததும் காபி, பிறகு நடை, பிறகு துணி துவைப்பது. அன்றும் அப்படியே. பகல் முழுவதும் மகள் கடலில் ஆடினாள். மாலையில் அபார்ட்மென்டுக்குத் திரும்பியதும், வீட்டிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரில் அரிசி போட்டு, அடாப்டரில் செருகினேன். ஆறு வயது மகளுக்கு இரவில் தயிர்சாதம் இல்லாமல் ஆகாது. குக்கர் ‘டப்’ என்றது. புகை வந்தது.

“இங்க இருநூத்தி முப்பது வோல்ட். நூத்தி இருபதுக்குச் செஞ்ச அமெரிக்கா குக்கர் தாங்காது,” என்றார் கணவர்.

“எலெக்ட்ரிகல் இன்ஜினியர்! முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“நீ கேக்கலையே.”

வெளியே போய், காய்கறி போட்ட மஞ்சள் சோறு வாங்கி வந்தார். மகள் முகர்ந்து பார்த்தாள்.

“அம்மா, திஸ் இஸ் நாட் ரைஸ்.”

பாலை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சென்னையிலும் இதே மின்சாரம்தானே, எப்படி மறந்தது? குக்கர் போனால் சோறே கிடையாது என்று இருவருமே ஏன் நினைத்தோம்? அடுப்பு எதிரிலேயே இருந்தது.

மறுநாள் காலை, காபிக்கும் முன்பாக, அந்த அடுப்பில் பாத்திரம் வைத்துச் சோறு வடித்தேன்.