கரும்புள்ளி விழுந்த சூரியன்

ஜப்பான்காரர்கள் வந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைத் திருப்பினார்கள். தோக்கியோவில் என்ன நேரமோ அதுதான் இனி மலாயாவில் எங்கள் பேராக்கிலும் நேரம் என்று உத்தரவு. அதனால் எங்கள் தோட்டத்தில் கடிகாரம் எட்டு அடிக்கும்போதுதான் கிழக்கு வெளுக்கும். "சூரியனையே லேட்டாக்கிட்டானுங்க, பெரிய ஆளுங்கதான்லா" என்பாள் என் நாத்தனார், மரவள்ளிக் குச்சிக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டே.

நான் ஈப்போவில் பிறந்தவள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். என்னைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஏழாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். படித்ததில் எனக்குப் பிடித்தது பூகோளம் ஒன்றுதான். பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்றதும் வயதுப் பெண்களுக்கெல்லாம் அவசர அவசரமாகத் தாலி ஏறியது. எனக்கும் ஏறியது. மாப்பிள்ளை பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். கல்யாணம் நடந்தபோது வீட்டில் மேளம் கூட இல்லை. எங்கேயோ தூரத்தில் குண்டு விழும் சத்தம்தான் கேட்டது.

தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், அவர், அவருடைய அக்கா. அக்கா வீட்டுக்காரர் ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போயிருந்தார். வெள்ளைக்கார மானேஜர் ஓடிப்போனதால் பால்வெட்டு நின்று, மரங்களுக்கு நடுவே எல்லோரும் மரவள்ளி நட்டிருந்தோம். சயாமுக்கு ரயில் போட ஆள் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்ட ஆள் வேண்டுமே என்று என் வீட்டுக்காரரை மட்டும் விட்டுவைத்தார்கள். பயத்தோடு எழுந்து, பயத்தோடு கிழங்கு தின்று, பயத்தோடு படுத்த காலம். ஆனாலும் அக்கா இருந்த வீட்டில் சிரிக்காமல் ஒரு நாளும் போனதில்லை.

ஒரு நாள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வியர்த்து வழிய லயத்துக்கு வந்தார்.

"பொண்ணு, நீ ஈப்போவுல படிச்சவதானே?"

"ஆமாங்க ஐயா."

"அவங்க ராஜாவுக்குப் பொறந்த நாள் வருது. பீடோர் திடல்ல விழா. ஒவ்வொரு தோட்டமும் சூரியனை வச்சு ஒரு அலங்காரம் கொண்டாரணுமாம். எனக்கு ஒண்ணும் தோணல. நீயே ஏதாச்சும் பண்ணு. நல்லா இல்லன்னா கன்னத்துல வாங்கப்போறது நான்தான்."

எனக்குப் பயத்தை விட ஆசை அதிகமாகிவிட்டது. சூரியன் மட்டும் எதற்கு, பக்கத்தில் பூமியையும் வைப்போம் என்றேன். பூமியைப் பாதி வெட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றேன். கிராணி தலையை ஆட்டிவிட்டு, நான் மனசை மாற்றிக்கொள்வதற்குள் போய்விட்டார்.

பூமியை எதில் செய்வது? வீட்டில் இருந்த ஒரே பொருள் மரவள்ளிதான். அவித்து, இடித்து, பிசைந்தோம். அக்கா பிசைய, நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பூமி முதலில் உருகிய குழம்பாகக் கிடந்தது, கனமான இரும்பெல்லாம் நடுவுக்கு இறங்கியது, லேசான கல்லெல்லாம் மேலே மிதந்து ஆடை மாதிரி உறைந்தது என்று.

அக்கா பிசைவதை நிறுத்தினாள். "அட, இது ஈயம் அலசுற மாதிரிதானே? ஆத்துல சீனத்திங்க தட்டுல மண்ணை வச்சுச் சுத்துறாங்கல்ல, கனமானது அடியில தங்கும், மண்ணு மேல ஓடிரும். இதுக்கா ஏழு வருசம் படிச்சே?"

வேலையைப் பார்த்தோம். நடுவில் இரும்புக்குப் பதில் தேங்காய்ப்பூவைக் கரும்புப் பாகில் கருக வறுத்து உருண்டையாகப் பிடித்து வைத்தோம். அதைச் சுற்றிச் சிவப்புப் பாமாயில் கலந்த மாவைக் கனமாக அப்பினோம். அது உள்ளே தகிக்கிற பாறை. அதற்கு மேல் மெல்லிசாக வெள்ளை மாவு. அதுதான் நாம் நடமாடுகிற தோல். சங்குப்பூவைக் கசக்கிக் கடல் பூசினோம். பண்டான் இலையை இடித்துக் காடு பூசினோம். பெரிய பூசணிக்காய் அளவுக்கு வந்தது.

"இவ்வளவு மெல்லிசுத் தோல் மேலயா நிக்கிறோம்?" அக்கா தரையைப் பார்த்தாள். "அடியில நெருப்பா? நான் கெணறு வெட்டுறப்ப எறங்கியிருக்கேன். ஜில்லுன்னு தண்ணிதான் வந்துச்சு. சும்மா கதை விடாதே."

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை.

அடுத்தது சூரியன். பூமி பூசணி அளவு என்றால் சூரியன் நம் லயத்தை விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லாரியில ஏத்துற மாதிரி ஒரு சூரியன் சொல்லேன்."

கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒத்துக்கொண்டேன். மூங்கிலை வளைத்து உருண்டையாகக் கூடு கட்டினார். மேலே கோணிச் சாக்கைத் தைத்தோம். ஆனால் சிவப்புத் துணி எங்கே கிடைக்கும்? பாதிப் பேர் சாக்கைத்தான் உடுத்திக்கொண்டிருந்தார்கள். லயம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. அக்கா உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து தன் சிவப்புக் கூறைச்சேலையைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, வேணாம்."

"கிழிக்காம சுத்து. ஊசி போட்டே, கையை ஒடிச்சிருவேன்."

விழா நாள் காலையில் லாரி கிளம்பியது. பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டிக்குப் பின்னால் ஒரு பீப்பாயில் கரியை எரித்து, அந்தப் புகையில்தான் லாரி ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. முன்னால் கிராணியும் வீட்டுக்காரரும். பின்னால் சூரியன், பூமி, அக்கா, நான். பூமி என் மடியில் இருந்தது. சூரியனைப் பழைய டியூப் வெட்டிய வாரால் கட்டியிருந்தோம்.

பீடோருக்கு முன்னால் ஒரு செம்மண் மேடு. பாதி மேட்டில் லாரி இருமிற்று, குலுங்கிற்று, நின்றது. வார் அறுந்தது. சூரியன் நிதானமாகப் பின்பக்கம் சாய்ந்து, ரோட்டில் குதித்து, உருளத் தொடங்கிற்று.

"எஞ் சேலை!" என்று அக்கா குதித்து ஓடினாள். பூமியை லாரியில் வைத்துவிட்டு நானும் ஓடினேன். எங்களை முந்திக்கொண்டு கிராணி ஓடினார். எதிரே சைக்கிளில் வந்த ஒரு சீனர் சூரியனுக்கு வழிவிட்டு ஓரம் இறங்கி நின்றார். அது ரோட்டை விட்டு விலகி, எருமைகள் புரளும் குட்டையில் போய் உட்கார்ந்தது.

கூடு உடையவில்லை. ஆனால் சேலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கருஞ்சேறு. துடைத்தால் இன்னும் பரவியது. கிராணி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சு போச்சு. அவன் கொடியில இருக்கிற சூரியன்லா இது. சேறு பூசிட்டோம்னு சொல்லுவான். என் தலை போயிரும்."

அவர் சொன்னது மிகையில்லை. ஜப்பான் காவல்காரனுக்குச் சரியாகக் குனியவில்லை என்று வெயிலில் மண்டியிட வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஈப்போ பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் கரும்பலகையில் வரைந்த ஒரு வட்டம் ஞாபகம் வந்தது.

"அக்கா, துடைக்காதீங்க. சூரியனுக்கு உண்மையிலேயே கரும்புள்ளி இருக்கு."

"யாருடி போய்ப் பார்த்தா?"

"தொலைநோக்கியில பார்த்திருக்காங்க. சுத்தி இருக்கிற இடத்தை விடக் கொஞ்சம் சூடு குறைஞ்ச இடம் அது. அதான் கறுப்பாத் தெரியுது. சில புள்ளிக்குள்ள நம்ம பூமியே போயிரும்."

வழிந்த சேற்றை வழித்தெடுத்தோம். ஒட்டியிருந்ததை விரலால் வட்டம் வட்டமாக ஒழுங்கு பண்ணினேன். இரண்டு மூன்று புள்ளிகளைப் புதிதாகவும் வைத்தேன். எதேச்சையாக விழுந்தது போல இருக்கக் கூடாதே! "எஞ் சேலையில நீ வேற எறைக்கிறியா?" என்று அக்கா முதுகில் ஒன்று வைத்தாள்.

லாரியைத் தள்ளிக் கிளப்பித் திடலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பக்கத்துத் தோட்டத்துச் சூரியன் பளபளவென்று நின்றது. ஒரு பொட்டு அழுக்கில்லை. எங்களுடையது அதன் பக்கத்தில் அம்மை போட்டவன் மாதிரி நின்றது.

ஜப்பான் அதிகாரி வந்தார். குட்டையான மனிதர், மூக்குக்கண்ணாடி, இடுப்பில் நீளமான வாள். உடைந்த மலாய் பேசினார். புள்ளிகளைக் காட்டி, "இனி ஆப்பா?" இது என்ன என்று கேட்டார். கிராணி என்னைப் பார்த்தார்.

நான் குனிந்து வணங்கிவிட்டு, "மாத்தா ஹாரி, துவான். சூரியன், ஐயா. அதுக்கு நெஜமாவே கறுப்புப் புள்ளி இருக்கு" என்று மலாயில் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கையைக் கண்ணருகே குழாய் மாதிரி மடக்கி, "தெரோப்போங்" என்றார். தொலைநோக்கி. பள்ளிக்கூடத்தில் தானும் இந்தப் புள்ளிகளைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். பாதி மலாய், பாதி சைகை. முகத்தில் ஒரு சின்னப் பையனின் சிரிப்பு வந்து, உடனே காணாமல் போனது.

சட்டென்று திரும்பிப் பக்கத்துத் தோட்டத்துச் சூரியனிடம் போனார். புள்ளி எங்கே என்று அதட்டினார். அந்தத் தோட்டத்துக் கிராணி விழித்தார். எங்கள் கிராணியைக் கூப்பிட்டு, சேறு கொண்டுவரச் சொல்லி, அந்தப் பளபளப்பான சூரியனிலும் வைக்கச் சொன்னார். எங்கள் கிராணி குனிந்தபடி, வாழ்க்கையில் கிடைக்காத சந்தோஷத்தோடு, அப்பு அப்பென்று அப்பினார்.

அதிகாரி எங்களிடமே திரும்பி வந்து, நீலமும் பச்சையுமாக இருந்த உருண்டையைக் காட்டினார். "பூமி?"

அக்கா என் கையைக் கிள்ளினாள். "ஏ, தமிழ் பேசுறான்டி!"

"மலாய்லயும் பூமிதான்கா. பேசாம இருங்க."

அவள் பேசாமல் இருப்பாளா? தமிழ் தெரிந்த ஆள் என்ற தைரியத்தில் கையோடு கொண்டுவந்திருந்த கத்தியை எடுத்துப் பூமியை நடுவில் பிளந்தாள். "இது தோல். இது நெருப்புப் பாறை, நான் நம்பல, இவதான் சொல்றா. நடுவுல இரும்பு" என்று தமிழிலேயே விளக்கினாள். நான் பின்னாலேயே மலாயில் ஓடினேன். அவர் நடு உருண்டையிலிருந்து ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார்.

"பெசி," என்றார். இரும்பு. இன்னொரு துண்டு போட்டுக்கொண்டு, "செடாப்," என்றார். ருசி.

அவர் அந்தப் பக்கம் போனதும் கூட்டம் பூமியின் மேல் பாய்ந்தது. கடல், காடு, நெருப்பு, இரும்பு எல்லாம் நிமிஷத்தில் காலி. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. அடி கிடைக்காததே பெரிய பரிசு. சேலையை அக்கா ஆற்றில் அலசி அலசி எடுத்தாள். இரண்டு புள்ளிகள் மட்டும் போகவே இல்லை. அதற்காக ஒரு மாதம் என்னைத் திட்டினாள். ஆனால் அந்தப் புள்ளிகளுக்குள் பூமியே போய்விடும் என்று லயத்தில் எல்லோரிடமும் காட்டிப் பெருமையும் பேசினாள்.

பூமிக்கு அடியில் நெருப்பு என்பதை மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. மழைக்காலம் முடிந்ததும், சுங்காய் பக்கம் கிழங்கு ஏற்றப் போன லாரியில் எங்களையும் கூட்டிப்போனார் வீட்டுக்காரர். திரும்பும் வழியில் காட்டோரம் நிறுத்தி, புதர்களுக்கு நடுவே ஒரு ஊற்றைக் காட்டினார். தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா சும்மா விரலை வைத்துவிட்டு அலறிக்கொண்டு பின்வாங்கினாள்.

"யாரு அடுப்பு மூட்டினது?"

"மழைத்தண்ணி வெடிப்பு வழியா ஆழத்துக்கு எறங்கி, அங்க சூடாகித் திரும்பி வருதுக்கா" என்றேன்.

அவள் லாரிக்குப் போய், நான்கு மரவள்ளிக் கிழங்கை எடுத்துத் துணியில் முடிந்து, தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். வேகுமா என்று கேட்டேன்.

"வெந்தா நம்புறேன்" என்றாள். நாங்கள் மூவரும் கரையில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே காத்திருந்தோம். கிழங்கு வெந்தது. உப்பில்லாமல்கூட நன்றாகத்தான் இருந்தது.