முத்திரை விழுந்த பம்பு

ஆலையில் அவளைக் ‘கறார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏவுகணை உறைகளை அளந்து பார்ப்பவள் அவள். எஃகு முத்திரையை வைத்து அவள் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால்தான் உறை தேறும். அவளை உத்தமி என்று சொல்ல வரவில்லை. தான் தேற்றிய உலோகம் யார் கூரையில் போய் விழுகிறது என்று பல வருஷம் அவள் கேட்டதில்லை. சம்பளம் வந்தது, மகள் படித்தாள், வாய் மூடியிருந்தது.

ஆர்டர் குறைந்து ஆலையை மூடப்போகிறார்கள் என்றதும்தான் எல்லோருக்கும் வாய் திறந்தது. இதே இயந்திரங்களில் சூரிய ஒளியில் ஓடும் தண்ணீர் பம்பு செய்யலாம் என்றார்கள்.

“நாம என்ன குழாய்க்கடையா?” என்று சிரித்தார் மேலாளர். ஆலை நிலத்தை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது அவருக்கு. இவர்களால் எங்கே முடியப்போகிறது என்ற தைரியத்தில், செய்து பார்க்க விட்டார்.

செய்துவிட்டார்கள். குடிநீர் வாரியம் அதைக் கிணற்றில் இறக்கிப் பார்க்கச் சம்மதித்தது. ஓடினால் ஆர்டர். ஆர்டர் வந்தால் ஆலை பிழைக்கும்.

பம்பை ஏற்றிய வண்டியைக் காவலாளி வாசலிலேயே தடுத்தார். பம்பின் உறையில் முத்திரை இருந்தது.

அவளுடையதுதான். முந்தின நாள் அளந்தாள், அளவு சரியாக இருந்தது, பழக்கத்தில் கை தானாகச் சுத்தியலை எடுத்துவிட்டது. முத்திரை விழுந்த எதுவும் படைச் சொத்து. படை வண்டியில்தான் வெளியே போகும். வேண்டாமென்றால், குத்தியவர் முன்னிலையில் இரண்டாக அறுக்க வேண்டும்.

“அக்கா, கையக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?” என்றான் கூட வேலை செய்யும் தம்பி. பம்பின் பாகங்களைப் பூட்டியவன் அவன். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

மேலாளர் வந்தார். கடையில் வாங்கிப் பூசியதுபோல முகத்தில் ஒரு வருத்தம். “என்னம்மா பண்றது, சட்டம். அறுக்கறப்போ நீங்க பக்கத்துல நில்லுங்க.”

“தவறிப்போய்க் குத்திட்டேன் சார்.”

“நீங்க தவற மாட்டீங்கன்னுதானே அந்த வேலையில வச்சிருக்கோம்?”

அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. போன மாதம் விரிசல் விட்ட உறைகளை, “அவசரம், கண்ண மூடிக்குங்க” என்று தேற்றச் சொன்னவர் இதே ஆள். அவள் மறுத்தாள்; வேறொருவரை வைத்து முத்திரை குத்திக்கொண்டார். அன்றைக்கு இந்தச் சட்டம் எங்கே தூங்கிக்கொண்டிருந்தது? கொல்வதற்குச் செய்ததில் விரிசலே இருக்கலாம். தண்ணீர் இறைக்கச் செய்ததில் ஒரு பொட்டு இருக்கக் கூடாது.

அறுக்க வந்தவர் கையிலிருந்த கிரைண்டரைப் பிடுங்கினாள்.

“வேணாம்க்கா! முத்திரைய அழிச்சா வேலை போயிடும்!”

“மூடிட்டா மட்டும் இருக்குமாடா? தள்ளு!”

பொறி பறந்தது. மேலாளர் இரண்டடி பின்னால் குதித்தார். “படைச் சொத்தைச் சேதப்படுத்தறீங்க!”

“ரெண்டா அறுக்கலாம், கொஞ்சம் தேய்க்கக் கூடாதா சார்?”

முத்திரை இருந்த இடம் வெள்ளையாகப் பளபளத்தது. காவலாளி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். “முத்திரை இருந்தாத்தான் தடுக்கணும்” என்று முனகிக்கொண்டே வாசலின் தடுப்புக் கம்பியைத் தூக்கினார்.

மேலாளர் கையை நீட்டினார். “அடையாள அட்டை.”

கழுத்திலிருந்து உருவி அந்தக் கையில் அறைந்தாள். “கிணத்துல தண்ணி வந்ததும் இத வாங்க வருவேன். அதுக்குள்ள நிலத்த வித்துட்டு ஓடிடாதீங்க.”

வண்டியில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். “என்னடா வாயப் பொளந்துட்டு நிக்கிற? ஏறு. வேலை கெடக்கு.”