பொம்பிளை பார்க்கப் போன இடத்தில் ஒரு கோல்

டென்மார்க்கிலிருந்து மாமா பொம்பிளை பார்க்க மொன்றியலுக்கு வந்திருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனம் எங்கே இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேலை செய்த சிறிய நகரத்துக்கு ஓர் உதைபந்தாட்ட அணி இருந்தது. டென்மார்க்கின் முதற்பிரிவில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த அந்த அணி, அன்று நடக்கும் பருவத்தின் கடைசி ஆட்டத்தை வென்றால் தப்பும். இல்லாவிட்டால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். காலைப் பூசையில் மாமா அதற்காகத்தான் மெழுகுதிரி கொளுத்தினார். நல்ல பொம்பிளை அமைய என்று நினைத்து அம்மா பூரித்துப்போனார்.

ரொக்ஸ்பரோவில் பொம்பிளை வீட்டுப் படியேறும்போது மாமா என் காதுக்குள் சொன்னார்: "உள்ளுக்கை கொம்பியூட்டர் இருக்குமடி. கேம் விளையாடப் போறன் எண்டு சொல்லிப்போட்டு ஸ்கோரைப் பார். எங்கட ஆக்கள் கோல் அடிச்சா வந்து என்னட்டைத் தண்ணி கேள்."

பத்து வயதுக்காரிக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் கிடைக்குமா?

உள்ளறையில் கணினிக்குப் பக்கத்தில், தேநீர்த் தட்டோடு காத்திருந்தவர்தான் பொம்பிளை. "என்ன பிள்ளை திருப்பித் திருப்பிப் பாக்கிறீர்?" என்று கேட்டார். என் வாயில் ரகசியம் தங்காது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப உங்கட மாமா அங்கை இருந்து நெளியிறது எனக்காக இல்லையோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு என்னருகே உட்கார்ந்துவிட்டார். "பிள்ளை, தேத்தண்ணி ஆறுது" என்று அவருடைய அம்மா குரல் கொடுத்தும் எழும்பவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாய். இரண்டு பக்கமும் பூச்சியம். திடீரென்று எங்கள் பூச்சியம் ஒன்றாகியது. நான் கதிரையிலிருந்து இறங்குவதற்குள் அவர் கூடத்துக்கு ஓடி, பெரியவர்கள் நடுவில் நின்று, "உங்கட ரீம் கோல் அடிச்சிட்டுது!" என்றார்.

மாமா துள்ளியெழுந்து, கைக்கு எட்டிய பொம்பிளையின் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். மாப்பிள்ளை சம்மதம் சொல்லுகிறார் என்று நினைத்து அந்த மனிதரும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அம்மா அழுதேவிட்டார். எனக்கோ ஒரே ஆத்திரம். நான் சொல்ல வேண்டிய செய்தியல்லவா அது!

அணி தப்பிவிட்டது என்பதையாவது நானே சொல்லவேண்டுமென்று காரில் ஏறியதும் மாமாவிடம் சொன்னேன். "ம்" என்றார். கோலை அடித்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். அவ்வளவு பைத்தியமாக இருந்த மனிதருக்கு ஒரே நாளில் உதைபந்தாட்டம் விட்டுப்போய்விட்டதே என்று வீடு வந்து சேரும்வரை நான் கவலைப்பட்டேன்.