கப்பலில் வந்த தங்கை வழி

எங்கள் மாமா இங்கே கனடாவில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் வரிசையில் நிற்கமாட்டார். சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒரு தூணோரமாகத் தனியே நிற்பார். பூசை முடிந்து சனம் நெருக்கியடித்துத் திருநீறு வாங்கும்போதும் அசையமாட்டார். யாராவது தன்னை அழைக்கவேண்டும் என்று காத்திருப்பார். ஐயருக்கு அவர் யாரென்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கடைசியில் நான் போய் இரண்டு பேருக்குமாக வாங்கி வருவேன். காரில் ஏறியதும் அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பது தாண்டிய மனிதரிடம் என்ன சொல்வது? எங்கள் வீடிருக்கும் ஸ்ரௌவ்வில் வரைக்கும் ரோட்டைப் பார்த்துக் காரை ஓட்டுவேன்.

அவர் என் அம்மாவின் அண்ணன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், எங்கள் ஊர்க் கோயிலுக்கு வண்ணக்கராக இருந்தவர். கோயிலின் சாவியும் நிர்வாகமும் மரியாதையும் வண்ணக்கரின் கையில். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு குடியைச் சேர்ந்தவர்கள். குடி தாய்வழியாகத்தான் வரும். தகப்பன் யாராக இருந்தாலும் பிள்ளை தாயின் குடி. பதவியும் மாமனிடமிருந்து அவனுடைய சகோதரியின் மகனுக்குத்தான் போகும். திருவிழாவின் கடைசி நாள் கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு குடியாக அழைப்பார்கள். அழைத்ததும் அந்தக் குடியின் மூத்த ஆண் “இருக்கிறம்” என்று குரல் கொடுத்து, முன்னால் போய், வெற்றிலை வைத்த வட்டாத் தட்டை இரண்டு கையாலும் வாங்கவேண்டும். எங்களை முதலாவதாக அழைப்பார்கள். “கப்பலில் வந்த தங்கை வழி” என்று.

யாரோ ஒரு செட்டி துணிமூட்டைகளோடு பாய்க்கப்பலில் வந்து இறங்கினானாம். எந்த நாட்டிலிருந்து என்பது சொல்லுகிற ஆளைப் பொறுத்தது. அம்மா மலையாளக் கரை என்பார். மாமா சூரத் என்று அடித்துச் சொல்வார். கனடாவுக்கு வந்த புதிதில், அஜின்கோர்ட்டில் கடை வைத்திருந்த ஒரு குஜராத்திக்காரரிடம் போய், தாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர் ஆட்கள் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தார். மாமா அதைக் கோயில் வட்டாவை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வந்த செட்டிக்குத் தாய் தகப்பன் இல்லை. தனியே விட்டுவர மனமில்லாமல் தங்கையையும் கப்பலில் ஏற்றி வந்திருந்தான். மழை இல்லாத ஒரு வருடம் அவன் ஊருக்கு நெல் கொடுத்தான் என்றும், அதற்காக ஊர்த் தலைவன் அவனுக்கு வயலும் கோயிலில் முதலிடமும் கொடுத்தான் என்றும் கதை. ஆனால் அவன் பிள்ளைகள் அவன் கட்டிய பெண்ணின் குடிக்குப் போய்விட்டார்கள். வயலும் முதலிடமும் தங்கையின் பிள்ளைகளுக்கு வந்தன. நாங்கள் அத்தனை பேரும் அந்தத் தங்கையின் ஆட்கள். அவள் கறுப்பா சிவப்பா, இந்த ஊர் அவளுக்குப் பிடித்ததா என்று சொல்ல ஒரு கதையும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடியிருக்கிறார்கள். வாவியோரத்திலிருந்து காடு வரைக்கும் வயல். போடியார், அதாவது பெரிய நிலக்காரர், என்றால் எங்கள் வீட்டு ஆண்கள்தான். வெள்ளைக்கார அரசாங்கம் ஒருவருக்கு முதலியார் பட்டம் கொடுத்தது. அவர் அதன்பிறகு வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றவில்லை என்று அம்மா சிரிப்பார். வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் கோயில் மணி அடிப்பார்கள், ஊருக்கெல்லாம் பொங்கிக் கொடுப்பார்கள். நான் பிறந்த அன்று வழக்கமான சமையல்தான். என் தங்கை பிறந்தபோது அடித்த மணி எனக்கு நினைவிருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

சண்டை தொடங்கியதும் எல்லாம் கைவிட்டுப் போயிற்று. காட்டோர வயலுக்கு யாரும் போகமுடியவில்லை. போகாத வயலில் வேறு ஆட்கள் விதைத்தார்கள். உழவு மெசினை ஆயுதக்காரரில் ஒரு பகுதி கொண்டுபோனது, மாடுகளை இன்னொரு பகுதி. அம்மா நோயில் போனார், அப்பா அவர் பின்னாலேயே போனார். மாமாவுக்கும் மனைவி இல்லை, பிள்ளை இல்லை. மிஞ்சியது மாமா, நான், தங்கை. தங்கையின் கணவன் ஒருநாள் சைக்கிளில் சந்தைக்குப் போனான், திரும்பி வரவில்லை. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை.

ஆமியும் இயக்கமும் மாறிமாறிப் பெடியன்களைப் பிடிக்கிற காலம். அடுத்த வண்ணக்கர் நான். என்னைக் காப்பாற்றினால்தான் குடி நிலைக்கும் என்று மாமா முடிவு செய்தார். மிச்சமிருந்த காணியை விற்று ஒரு ஏஜென்சிக்காரனிடம் என்னை ஒப்படைத்தார். தங்கையையும் அனுப்பவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. வீட்டுக்காரி வீட்டில் இருக்கட்டும், பெண்பிள்ளையை யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று மாமாவும் சொன்னார், ஊரும் சொன்னது. தலைமுறை தலைமுறையாகப் பெண் பிறந்ததற்கு மணி அடித்த மனிதர்கள், ஆபத்து வந்தபோது ஆணைத் தூக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

பாங்கொக்கில் ஒரு அறையில் எங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று சொல்லியே மாதங்கள் போயின. ஒருவழியாக ரொறன்ரோ வந்து இறங்கி, எங்கள் ஊர்ச் சந்திக் கடைக்குத் தொலைபேசி எடுத்தபோது கடைக்காரர் மாமாவைக் கூப்பிட ஆள் அனுப்பினார். மாமா வந்து, “உன்ர தங்கச்சி போயிற்றாள், மனே. பிள்ளைப்பேற்றில. புள்ளையும் தங்கேல்ல,” என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நெருங்கிய சொந்தம் எவரும் இல்லாதவன் உறவினர் ஒருவரை ஸ்பொன்சர் பண்ணலாம் என்றார்கள். எனக்கிருந்த அந்த ஒருவரைக் கூப்பிட்டேன்.

நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினேன். லொறி ஓட்டிப் பிழைத்தேன். ஒரு மகள். மகள் பிறந்தபோது மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். அவர் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார், ஆனால் அவள் எங்கள் குடி இல்லை. என் மனைவியின் ஆட்களுக்குக் குடியென்று ஒன்றுமில்லை. “எங்களுக்கு அந்தோனியார் போதும்,” என்று மனைவி சொல்வாள்.

ஊரில் எங்கள் இடத்தை விடாமல் வைத்திருந்தவர் இன்னொரு குடியைச் சேர்ந்த ஒரு நண்பர். என்னோடு பள்ளிக்கூடம் போனவர். வருடா வருடம் அவர் கோயில் வாசலில் நின்று தொலைபேசியை உயர்த்திப் பிடிப்பார். அங்கே பொழுது சாயும் நேரம் இங்கே காலை. மாமா முழுகி, வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, சாப்பாட்டு மேசையில் என் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். “கப்பலில் வந்த தங்கை வழி” என்று அங்கே குரல் எழும்பியதும் இங்கே ஸ்ரௌவ்வில் வீட்டுக்குள் “இருக்கிறம்” என்பார். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். நண்பர் போய் எங்களுக்காக வட்டாவை வாங்குவார். மகள் சின்னவளாக இருந்தபோது விழுந்து விழுந்து சிரிப்பாள். வளர்ந்த பிறகு அவள்தான் தொலைபேசி சரியாமல் பிடிப்பாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மாமா மிச்ச நாள்களை இருந்து கழித்தார். எங்கள் குடும்பத்தில் அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு அழைப்புத்தான்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை நண்பர் அழைத்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாமா, நான், மகள் மூன்று பேரும் மேசையில் இருந்தோம். சத்தமாகக் கேட்கும்படி தொலைபேசியை நடுவில் வைத்தேன். அவர் சுற்றிவளைத்து, மழை, வேளாண்மை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விசயத்துக்கு வந்தார். கோயிலில் புதிய நிர்வாகம். பெண்வழி அற்றுப்போன குடிகளை இனி அழைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறார்கள். எங்கள் இடத்தைக் கேட்டு இன்னொரு குடி நிற்கிறது. “உங்கட வழியில பொம்புளப் புள்ள ஒண்டு இருக்கெண்டு வண்ணக்கர் தன்ர வாயால சொன்னாப் போதும். கனடாவில ஆர் வந்து பாக்கப்போறாங்க?” என்றார். நல்ல மனிதர். எங்களுக்காகத்தான் சொன்னார்.

மகளுக்கு விசயம் விளங்கிவிட்டது. “தாத்தா, என்னைச் சொல்லுங்கோ. It's fine, really. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்,” என்று அவருடைய கையைப் பிடித்தாள். நான் தலையை ஆட்டினேன். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். ஒரு பொய். பரம்பரை பரம்பரையாகச் சொன்ன கப்பல் கதையில் எத்தனை பொய் இருந்திருக்கும்! அதற்குள் இதுவும் கரைந்துபோகும்.

மாமா மகளின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தொலைபேசிப் பக்கம் குனிந்தார். கோயிலில் பேசுகிற குரலில் பேசினார்.

“எங்கட வழியில ஒரு பொம்புளப் புள்ள இருந்தது. தோணியில பிறந்தது. விடியுமட்டும் இருந்தது. அதோட முடிஞ்சுது. அந்தச் செட்டிக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கேல்ல. இனி எங்களைக் கூப்பிட வேணாம்.”

நண்பர் ஏதோ சொல்லத் தொடங்கினார். மாமா கையெடுத்துக் கும்பிட்டார், தொலைபேசியில் அது தெரியாது என்ற நினைவுகூட இல்லாமல். நான் நன்றி சொல்லி வைத்தேன்.

முப்பது வருடமாக என்னோடு ஒரே வீட்டில் இருந்த மனிதர். தங்கைக்குப் பிறந்தது பெண் குழந்தை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தோணி என்பதும் அன்றைக்குத்தான். எனக்கு முதலில் வந்தது கோபம். என்னிடம் சொல்லாமல் அதை ஊருக்குச் சொல்கிறாரே என்ற கோபம். அதோடு, இருந்த ஒன்றையும் தன் வாயாலேயே வேண்டாம் என்றுவிட்டாரே என்ற ஆத்திரம். மகள் இருக்கிறாள் என்றும் பாராமல் கத்தினேன். ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். தங்கைக்குக் காலையில் நோவு எடுத்ததாம். பாதை பூட்டு. வாவியைக் கடந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி. தோணி விட ஆமிக்காரனிடம் கெஞ்சி அனுமதி வாங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டதாம். நடு வாவியில் பிள்ளை பிறந்தது. தோணிக்காரரின் சாரத் துணியால் சுற்றி மாமா மடியில் வைத்திருந்தார். தங்கைக்கு இரத்தம் நிற்கவில்லை. அக்கரை விளக்கு வெளிச்சம் தெரிகிற தூரத்தில் அவள் போய்விட்டாளாம்.

மகள் அழுதுகொண்டே, அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். பெயர் வைக்க நாள் இருக்கவில்லை என்றார்.

பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“அவள் புள்ளையக் கேக்கேல்ல, மனே. நோவெண்டும் சொல்லேல்ல. அண்ணன் போய்ச் சேந்திட்டானா மாமா எண்டு கேட்டாள். ஓம், கனடாவில நிக்கிறான், உன்னையும் கூப்பிடப்போறான் எண்டு சொன்னன். உன்னைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத நேரம். நீ உயிரோட இருக்கிறியோ எண்டே எனக்குத் தெரியாது. அவள் நம்பினாள். எங்கட வழியில நான் சொன்ன பொய் அது ஒண்டு போதும்.”

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவருடைய தோளில் கையை வைத்தேன். அந்த நேரம் நான் பாங்கொக்கில், பூட்டிய அறைக்குள், தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கும், ஆணோ பெண்ணோ என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்திருப்பேன். அவள் நான் கனடாவில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள்.