மேடையில் பன்னிரண்டரை, வளைவில் பதினேழு

காலை பத்து இருபதுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. கம்பளையைத் தாண்டி, புசல்லாவை ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தோம். மகள் ஓட்டினாள். அவளுடைய லெப்டொப் என் மடியில். திரையில் தெரியும் எண்ணை உரக்க வாசிப்பது என் வேலை.

ஒரு பங்கு பெட்ரோலோடு எத்தனை பங்கு காற்று சேர்ந்து எரிகிறது என்பதுதான் அந்த எண். அக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து ஏறும்போது அது பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பதினான்கைத் தாண்டினால் காற்று மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். எஞ்சின் உள்ளுக்குள் வெந்துபோகும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பயப்பட இதுவே போதும்.

முதல் நாள், தான் வேலை செய்யும் கட்டுகஸ்தோட்டை கராஜில், தானே டியூன் செய்த எங்கள் காரை டைனோ என்ற சோதனை மேடை மேல் ஏற்றியிருந்தாள். அங்கே சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழலும். முன்னால் ஆளுயர மின்விசிறி ஊதும். கார் நின்ற இடத்தை விட்டு நகராது. எண்ணும் பன்னிரண்டரையை விட்டு அசையவில்லை. கராஜ் முதலாளி மடவளைக்காரர். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சமதரை, மகள். புசல்லாவைக்கு ஏத்திக் காட்டுங்க. அங்கயும் இந்த நம்பர் நின்டா, கஸ்டமர் கார் எல்லாம் இனி ஒங்கட கையில."

பல்கலைக்கழகப் படிப்பை முடித்த பெண். அந்தக் கராஜில் அதுவரை ஒயில் மாற்றுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை கொடுத்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில் உற்சாகமாகப் பெட்ரோல் அடித்தாள். எங்கள் பழைய காரில் பெட்ரோல் முள் செத்துப் பல காலம். அடித்த அளவை மனதில் வைத்துத்தான் ஓட்டுவோம்.

மனைவி எங்களோடு வரவில்லை. நாட்டில் பெட்ரோல் தட்டுப்பாடாகி ஊரே வரிசையில் நின்ற வருடம் அவளுக்கு நெஞ்சுவலி வந்தபோது, பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் காரில் ஒரு சொட்டுக்கூட இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் நம்புவதில்லை.

"பன்னிரண்டு புள்ளி ஐந்து... பன்னிரண்டு புள்ளி ஆறு..."

"அப்பா, தேவாரம் பாடுற மாதிரி இழுக்காதீங்க. நம்பர மட்டும் சொல்லுங்க."

"நீ ரோட்ட பாரும்மா."

"நான் பாக்குறேன். நீங்க பாக்காதீங்க."

செங்குத்தான வளைவில் திரும்பினோம். பதினான்கு என்றேன். பதினாறு என்றேன். பதினேழு என்று கத்தினேன். எஞ்சின் செத்தது. கார் பின்னோக்கி உருண்டது. பின்னால் பஸ் ஹோர்ன் அலறியது. எஞ்சின் நின்றதால் பிரேக் கல்லாக இறுகி, மிதித்தும் பிடிக்கவில்லை. மகள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். வலப்பக்கம் பள்ளம். அதை நான் பார்த்திருக்கக் கூடாது. இன்றும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

கார் நின்றது. பஸ் கண்டக்டர் மரக்கட்டையோடு ஓடிவந்து சக்கரத்துக்கு அணை கொடுத்தார். என் மடியைப் பார்த்தார்.

"ஏன் ஐயா, கம்பியூட்டர் படிக்க வேற எடம் கெடைக்கலியா?"

நாலு பேர் சேர்ந்து காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். பஸ் போய்விட்டது. மகள் ரோட்டோர வாய்க்காலின் கானுக்கட்டில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள்.

"பெட்ரோல் கொறஞ்சிருந்தாலும் ஏத்தத்துல இப்படித்தான் காட்டும். டேங்க்ல பின்னால ஒதுங்கிரும், பம்புக்கு எட்டாது. ஆனா நேத்துதானே பத்து லீட்டர் அடிச்சேன்? அப்ப நான் செஞ்ச டியூனிங்தான் பிழை."

"அவசரப்படாதம்மா."

"வேற யாரோட காராவது இந்த வளைவுல நின்னிருந்தா? என்னால ஏலாதுன்னு முதலாளிகிட்ட நானே சொல்லிர்றேன், அப்பா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். மனைவிக்குப் போன் எடுத்து, ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது, இருவரும் நலம் என்றேன்.  "எந்த எடம்?" என்று மட்டும் கேட்டாள்.

மதிய வெயிலில் ஒரு த்ரீவீலர் முனகிக்கொண்டு ஏறி வந்தது. மனைவி இறங்கினாள். கையில் கனமான மஞ்சள் கேன். என்னைப் பார்க்கவில்லை. நேராக மகளிடம் போய் அதை அவள் காலடியில் வைத்தாள்.

"இது ஒன் பெட்ரோல்தான்" என்றாள். "நேத்து சாயந்தரம் நான்தான் கார் டேங்க்ல டியூப் போட்டு எடுத்து வச்சேன். யாருக்காவது ஏதாவது ஆனா ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமா?"